தொற்றுக்காலப் பயிற்சியின் தமிழ்: காவிரிப் படுகைச் சுகாதாரப் பணியாளரும் இணையவழிப் பாடங்களும்

ஆய்வுச் சுருக்கம்

தொற்றுநோய் பரவும் காலங்களில் சுகாதாரப் பணியாளருக்கு வழங்கப்படும் இணையவழிப் பயிற்சி, தொழில்நுட்பம், நிர்வாகம் ஆகிய இரு நோக்குகளிலேயே பெரிதும் மதிப்பிடப்பட்டு வருகிறது. அப்பயிற்சியின் மொழியை ஒரு தமிழ்ப் பனுவலாகக் கொண்டு திறனாய இக்கட்டுரை முயல்கிறது. தஞ்சாவூரை நடுவாகக் கொண்ட காவிரிப் படுகையில் 2020க்குப் பின் நிகழ்ந்த தொற்றுகளும், அங்குள்ள வயல்வெளி நோய்களும் இதற்குக் களமாகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் நேர்ந்த குறைகளைவிட, வீட்டு வாயிலில் பேசப்படும் தமிழைப் பாடங்கள் கேளாமல் விட்டதே பெரிய குறை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இணையவழிப் பயிற்சி, கிராம சுகாதாரச் செவிலியர், கலைச்சொல், காவிரிப் படுகை, எலிக்காய்ச்சல், வாந்திபேதி, மருத்துவத் தமிழ்

முன்னுரை

2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொற்றைப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே அந்நிறுவனத்தின் ‘ஓப்பன் டபிள்யூஎச்ஓ’ தளத்தில் அந்நோய் குறித்த முதல் பாடம் இடம்பெற்றுவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா பரவியபோது பயிற்றுநரை நேரில் அனுப்பிக் கற்பிப்பதற்குள் நோய் முந்திக்கொண்டது. அப்பட்டறிவின் விளைவாக 2017இல் தொடங்கப்பட்டது இத்தளம். இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடுவண் அரசு ‘ஐகாட்’ என்னும் பயிற்சித் திட்டத்தை ‘தீக்ஷா’ தளத்தில் திறந்தது. நோயின் அடிப்படைகள், பாதுகாப்பு உடை அணிதல், மாதிரி எடுத்தல், தீவிர சிகிச்சை, உளநலம் எனப் பாடங்கள் அமைந்தன. மருத்துவர், செவிலியர் முதல் காவலர், தன்னார்வலர் வரை பலருக்கும் அவை உரியனவாக இருந்தன. தீக்ஷா அடிப்படையில் பள்ளி ஆசிரியருக்காக உருவாக்கப்பட்ட தளமாகும். 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் விரைவுத் தகவல் குறிகள் மாணவரை இட்டுச் சென்றதும் இத்தளத்திற்கே. பிள்ளையின் பாடத்திற்கும் தாயின் பணிப் பயிற்சிக்கும் ஒரே தளம், பல வீடுகளில் ஒரே கைப்பேசி என்னும் நிலை அக்கோடையில் உருவானது.

இவ்விரைவு பாராட்டத்தக்கதே. ஊரடங்குக் காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. ஆயினும் ‘எத்தனை பேர் பயின்றனர், எத்தனை சான்றிதழ் வழங்கப்பட்டது’ என்னும் கணக்கிலேயே இதன் மதிப்பீடு நின்றுவிட்டது. பயின்றவர் வீட்டு வாயிலில் நின்று என்ன கேட்டார், அதற்கு என்ன விடை கிடைத்தது என்பது அக்கணக்கில் இல்லை. அது பொதுச் சுகாதாரத் துறையின் வினா மட்டுமன்று. மொழி ஆய்வின் வினாவும் ஆகும்.

யாரை நோக்கிப் பேசுகிறது பாடம்?

எந்தப் பயிற்சிப் பனுவலிலும் முதலில் நோக்கத்தக்கது அதன் முன்னிலை. பெயர்ப்புத் தமிழில் அமைந்த சுகாதார அறிவுரைகளில் ‘மாதிரிகள் சேகரிக்கப்பட வேண்டும்’, ‘தகவல் தெரிவிக்கப்பட வேண்டும்’ போன்ற செயப்பாட்டு வினைத் தொடர்கள் மிகுதி. இவற்றில் செய்பவர் இல்லை. யார் சேகரிப்பது, யாரிடம் தெரிவிப்பது, எத்தனை மணிக்குள் என்பவை தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், அவருடன் களத்தில் நிற்கும் சுகாதார ஆய்வாளருக்கும், கொசு ஒழிப்புப் பணியில் தொட்டி தொட்டியாகப் பார்த்துவரும் மஸ்தூருக்கும் பணி வேறு, பொறுப்பு வேறு. மூவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும் பாடம் ஒருவருக்கும் சொல்லாத பாடமாகிறது. இது நடைக்குறை போலத் தோன்றினும் உண்மையில் பொறுப்பைப் பற்றிய குறையாகும். தவறு நேர்ந்த பின்னர் ‘பயிற்சியில் கூறப்பட்டுள்ளது’ என்று மேலிடம் சொல்லிக்கொள்ள இத்தொடரமைப்பு இடம் தருகிறது.

தனிமையும் தொடர்பும்

கொரோனாக் காலத் தமிழ்ச் சொற்களில் மிகுதியாக வழங்கியது ‘தனிமைப்படுத்தல்’. நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல் ஒன்று. நோய்க்கிருமி தாக்கியிருக்கக்கூடும் என்று கருதப்படும் நலமானவரைக் குறிப்பிட்ட நாள் வரை ஒதுக்கி வைத்தல் மற்றொன்று. மருத்துவத்தில் ‘ஐசொலேஷன்’, ‘குவாரன்டைன்’ என வேறுபடும் இவ்விரண்டும் தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. மருத்துவமனையில் ‘தனிமை வார்டு’, பள்ளிக் கட்டடத்தில் ‘தனிமைப்படுத்தும் முகாம்’, வாயிலில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என யாவும் தனிமையே. இதனால் நோயில்லாதவரின் வீடும் நோய் வீடாகவே தெருவின் கண்ணுக்குப் பட்டது. பால்காரர் வாயிலில் நிற்க மறுத்ததற்கும் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்தியதற்கும் நோயச்சத்தோடு இச்சொல் மயக்கமும் ஒரு காரணம் எனலாம். வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டுதலை உரிய அதிகாரியின் ஆணையின்றிச் செய்யலாகாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒட்டுவதா வேண்டாமா என்பதே அங்கு வழக்காயிற்று. ஒட்டப்பட்ட சொல் யாரைக் குறித்தது என்னும் வினா எழவே இல்லை. இலங்கைத் தமிழில் தாவரப் பாதுகாப்புத் துறையில் ‘தொற்றுத்தடைக்காப்பு’ என்னும் தெளிவான சொல் இருந்தும், அங்கும் பெருந்தொற்றுக் காலத்தில் ‘தனிமைப்படுத்தல் ஊரடங்கு’ என்பதே வழக்காயிற்று. துறைச்சொல் இருந்தும் கைக்கு எட்டாமற்போனதற்கு இது நல்ல சான்று.

இதனினும் நுண்ணியது ‘தொடர்பு’ என்னும் சொல். 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவியருக்குத் தொற்று உறுதியானது. தொடர்ந்து மாவட்டத்தின் வேறு பள்ளிகளிலும் அது கண்டறியப்பட்டது. மார்ச் 22 முதல் மாநிலம் முழுவதும் 9, 10, 11ஆம் வகுப்புகளுக்கு நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. இத்தகைய நிலையில் களப்பணியாளரின் முதற்பணி, தொற்றுற்றவரோடு நெருங்கிப் பழகியோரைக் கண்டறிதல். ‘கான்டாக்ட்’ என்பதற்குப் பயிற்சித் தமிழ் தரும் சொல் ‘தொடர்பு’. நெருக்கம் மிகுந்தால் ‘நெருங்கிய தொடர்பு’. பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டு முற்றத்தில், தந்தையும் தமையனும் நிற்க, ‘யாருடன் தொடர்பில் இருந்தாய்’ என்று கேட்டால் அவ்வீடு என்ன பொருள் கொள்ளும் என்பதைத் தமிழறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. விடை வராது, வந்தாலும் உண்மையாக இராது. ‘பக்கத்துல யாரும்மா உக்காந்தா? யார்கூடச் சேந்து சாப்பிட்ட? எந்த பஸ்ல வந்த?’ என்று கேட்கும் செவிலியர் அதே தகவலைப் பெற்றுவிடுவார். இக்கேள்விகளை அனுபவமுள்ள பணியாளர் தாமே உருவாக்கிக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் தாமே உருவாக்கிக்கொள்ளக் கூடியவருக்குப் பயிற்சி எதற்கு? புதியவருக்கும் பெருந்தொற்றின்போது அவசரமாக அமர்த்தப்பட்டவருக்கும் அல்லவா அது தேவை?

சேற்றுப்புண்

கொரோனா உலகம் முழுவதற்கும் வந்தது. காவிரிப் படுகைக்கென்று உள்ள நோய்கள் வேறு. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு நாள் என்பது மரபு. எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2020இல் அந்நாளிலேயே அணை திறந்தது. ஊரடங்கிடையேயும் குறுவை நடவு நடந்தது. குறுவையைத் தொடர்ந்து சம்பா, தாளடி. வடகிழக்குப் பருவமழையில் வயலும் தெருவும் ஒன்றாகும் நாள்கள். அப்போது எலி வளைகளில் நீர் புகும், எலிகள் வரப்பேறும், அவற்றின் சிறுநீர் கலந்த நீரில் மனிதர் நிற்பர். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் வருவது இவ்வழியாகத்தான்.

இந்நோய் பற்றிய ஆங்கிலப் பாடம் எதுவும் ‘ஆக்குபேஷனல் எக்ஸ்போஷர்’ என்பதை முதன்மைக் காரணியாகச் சுட்டும். தமிழில் ‘எக்ஸ்போஷர்’ என்பதை ‘வெளிப்பாடு’ எனப் பெயர்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. வெளிப்பாடு என்பது உள்ளிருப்பது வெளியே தோன்றுதல். இங்கு நிகழ்வதோ வெளியிலிருப்பது உள்ளே புகுதல். பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது. ‘தொழில்சார் வெளிப்பாடு’ என்று படிக்கும் செவிலியருக்கு அது தேர்வில் குறியிட வேண்டிய ஒரு தொடர் மட்டுமே. அதை எவரிடமும் கேட்க இயலாது.

கேட்கத்தக்க சொல் படுகையில் முன்பே இருக்கிறது. நாள் முழுதும் சேற்றில் நின்று நடவு செய்வோர், களை எடுப்போர் ஆகியோரின் கால்விரல் இடுக்குகளில் தோல் ஊறி வெடித்து உண்டாகும் புண்ணுக்குச் ‘சேற்றுப்புண்’ என்று பெயர். நோய்க்கிருமி உடலுக்குள் புகும் வாயில் அதுவே. ‘சேத்துப்புண் இருக்கா?’ என்னும் ஒரு கேள்வி, தொழில், நீர், தோல் வெடிப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர அறிந்துவிடும். வயலில் மூங்கில் வில்லால் ஆன எலிக்கிட்டி வைப்பவரையும், செத்த எலியை வெறுங்கையால் எடுத்து எறிபவரையும் அடுத்துக் கேட்க வேண்டும். பயிர் காக்கும் கருவியாக வேளாண் துறையில் ‘தஞ்சாவூர்க் கிட்டி’ அறியப்பட்ட ஒன்று. எலிக்காய்ச்சல் பற்றிய பாடத்திலும் அதற்கு இடமுண்டு.

நோய்க்குறியிலும் இத்தகைய நுட்பம் தேவைப்படுகிறது. எலிக்காய்ச்சலின் குறிகளில் ஒன்று கெண்டைக்கால் தசை வலி. ஆனால் குனிந்து நட்டுவிட்டு வந்த எவருக்குத்தான் கெண்டைக்கால் வலிக்காது? ‘கால் வலிக்கிறதா’ என்று நடவுப் பருவத்தில் கேட்டால் தெரு முழுதும் ஆம் என்னும். நடவு வலி ஓய்வில் தணியும், இந்நோயின் வலி காய்ச்சலோடு வந்து, தசையைத் தொட்டாலே கூசச் செய்யும், கண்ணும் சிவந்திருக்கும். கிருமி புகுந்தபின் நோய் தோன்றப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்கள் ஆகலாம் என்பதால், காய்ச்சல் வந்த நாளில் நோயாளி வயலுக்கே போகாமல் இருந்திருக்கலாம். எனவே ‘இன்று எங்கே வேலை’ என்று கேட்பதைவிட ‘போன வாரம், அதற்கு முந்திய வாரம் எந்த வயலில் இறங்கினீர்கள்’ என்று கேட்பதே பயன் தரும். இப்பகுத்தறியும் திறனை நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவால் சோதிக்க இயலாது.

கழுநீரும் அம்மையும்

2022 ஜூலை 3 அன்று காரைக்காலில் காலரா பரவலையொட்டிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்தது; ஆனால் அதைச் சூழ்ந்திருப்பவை மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர் என்னும் தமிழ்நாட்டுப் படுகை மாவட்டங்கள். தஞ்சாவூர்ச் சீமையைக் கடந்து வரும் அரசலாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. நீருக்கு எல்லையில்லை, பயிற்சிக்கு உண்டு. இரு நிர்வாகங்களின் பணியாளர் ஒரே தமிழைப் பேசும் மக்களிடம் வெவ்வேறு படிவங்களோடு செல்வர்.

காலராவின் அடையாளமாக ஆங்கில நூல்கள் சொல்வது ‘ரைஸ் வாட்டர்’ போன்ற கழிச்சல். இதைச் சொல்லுக்குச் சொல்லாக ‘அரிசித் தண்ணீர்’ எனப் பெயர்த்தால் படுகையின் அடுப்படியில் அதற்கு உறுதியான பொருள் இல்லை. சிலர் வடித்த கஞ்சியை நினைப்பர்; அது கொழகொழப்பானது, நோய்க்குறிக்குப் பொருந்தாதது. அரிசி களைந்த நீருக்குக் ‘கழுநீர்’ என்னும் சொல் உண்டு. மாட்டுத் தொட்டியில் அதை ஊற்றாத வீடு முன்பு இல்லை. ‘கழுநீர் மாதிரி போகுதா?’ என்று கேட்டால் நிறம், தெளிவின்மை, நீர்த்தன்மை யாவும் ஒரு சொல்லில் வந்துவிடும். நெல் விளையும் நாட்டில் அரிசியைக் கொண்டு சொன்ன உவமை மொழிபெயர்ப்பில் பிழைபடுவது வியப்புக்குரியது. அவ்வாறே ‘பேதி’ என்பதும் கவனத்துக்குரியது. அது நோயையும் குறிக்கும். வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றே உண்ணும் மருந்தின் விளைவையும் குறிக்கும். ஒரு நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீராகப் போதல் என்பதே மருத்துவ வரையறை. ஆகவே எண்ணிக்கையைக் கேட்காத ‘பேதியா?’ என்னும் கேள்வி பயனற்றது.

2021 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் கொண்டுவரப்பட்ட ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில், களப்பணியாளர் நோய்க்குறிகளை ‘எஸ்’ படிவத்தில் பதிகிறார். அதில் தடிப்போடு கூடிய காய்ச்சல் ஒரு வகை. படுகை வீட்டில் அப்பெயரில் ஒரு நோய் இல்லை. ‘அம்மை போட்டிருக்கிறது’ அல்லது ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பதே சொல். வாயிலில் வேப்பிலை செருகப்படும். அயலார் உள்ளே வரார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் புன்னைநல்லூர் மாரியம்மனுக்கோ சமயபுரத்துக்கோ வேண்டுதல் நிறைவேறும். நோய் என்று சொல்வதே அங்கு குற்றமாகக் கருதப்படுவதால் ‘வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா’ என்னும் கேள்விக்கு ‘இல்லை’ என்பதே விடை. அவ்வீட்டாரைப் பொறுத்தவரை அது பொய்யன்று. வேப்பிலையை மூடநம்பிக்கையின் அடையாளமாகக் கடந்து செல்லும் பாடம், தெருவே பிறருக்கு விடுக்கும் ஒரு நோயறிவிப்பைப் படிக்கத் தவறுகிறது. மேலே பேசப்பட்ட வாயில் அறிவிப்பைவிட இவ்வேப்பிலை தெளிவானது. இழிவு சேர்க்காமலே அது அயலாரை விலக்கி நிறுத்துகிறது. தட்டம்மையைக் கண்காணிக்கும் பணிக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும் குறி வேறில்லை.

மானிப்பாயும் தஞ்சாவூரும்

தமிழில் மருத்துவப் பயிற்சி என்பது புதிய சிக்கல் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவரைப் பயிற்றினார். பின்னர் 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர் அரசுப் பணி தேடி வெளியேறினர். தமிழில் கற்றவர் ஊரில் தங்கி மக்களுக்குப் பயன்படுவர் என்பது அவர் கருத்தாக இருந்தது. உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறை நூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழாயின. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்ட அவரது துணிவு இன்றைய தனித்தமிழ் நோக்குக்கு உவக்காது. ஆயினும் அவருடைய சொற்கள் ஒரு வகுப்பறையில் மாணவர் வாயிலும் நோயாளி காதிலும் சோதிக்கப்பட்டவை. இன்றைய இணையப் பாடத்தின் சொற்களுக்கு அத்தகைய சோதனை இல்லை. மொழிபெயர்ப்பாளரின் மேசையிலிருந்து நேரே கைப்பேசிக்கு அவை வந்துவிடுகின்றன.

தஞ்சாவூரிலும் இதற்கான வளம் குறைவில்லை. இரண்டாம் சரபோசி மன்னர் காலத்துத் தன்வந்திரி மகால் மரபும், சரசுவதி மகால் வெளியிட்ட சரபேந்திர வைத்திய முறை நூல்களும், 1959இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரே நகரில் உள்ளன. அப்பல்கலைக்கழகம் மருத்துவம், பொறியியல் பாடநூல்களைத் தமிழில் ஆக்கும் பணியையும் மேற்கொண்டது. ஆனால் அம்முயற்சிகள் மருத்துவ மாணவரை நோக்கியவை. தமிழிலேயே பணியாற்றும், தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே ஆறுதல் சொல்லும் கிராம சுகாதாரச் செவிலியரை நோக்கி அதே அளவு உழைப்பு செலவிடப்படவில்லை. தமிழ்வழி மருத்துவக் கல்வி பற்றிய நீண்ட விவாதங்களில் இவர் இடம்பெறாதது அவ்விவாதங்களின் குறையே.

சான்றிதழ் எதை அளக்கிறது?

பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959இல் எழுதினார்: பயின்றவர் மனநிறைவு, கற்ற அறிவு, பணியிடத்தில் செயல்மாற்றம், இறுதி விளைவு. இணையச் சான்றிதழ் இவற்றுள் இரண்டாம் நிலையோடு நின்றுவிடும். தொற்றுக் கட்டுப்பாடோ மூன்றாம் நிலையில் தொடங்குகிறது. இணையவழி என்பதாலேயே இக்குறை நேர்வதாகவும் கொள்ள முடியாது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ முறையும் இணையவழியதே. அங்கு களத்தில் உள்ளவர் தாம் கண்ட நோயாளியின் நிலையைச் சொல்வார். வல்லுநரும் பிற களப்பணியாளரும் கேட்டு உரையாடுவர். பேசும் உரிமை முதலில் களத்துக்குத் தரப்படுகிறது. இம்முறையைத் தமிழில் படுகைப் பணியாளரிடையே நடத்தினால் ‘சேற்றுப்புண்’, ‘கழுநீர்’ போன்ற சொற்களை எவரும் தேடி அலைய வேண்டியிராது; அவர்களே சொல்லிவிடுவர். பதிவுசெய்த காணொளியால் எவர் சொல்வதையும் கேட்க முடியாது. இணைய வசதி குன்றிய ஊர்களில் நேரலை உரையாடல் தடைபடும், பணிநேரத்துள் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்னும் மறுப்புகள் நியாயமானவை. பேறுகாலப் பதிவு, தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு எல்லாம் முடித்து இரவு வீட்டில் பாடம் பார்க்கும் நிலை மாறாதவரை எம்முறையும் சான்றிதழ்க் கணக்காகவே முடியும்.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. பெருந்திரள் கூடும் விழாக்களால் நோய் பரவுவதைக் கருதியே 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருவிழாக்களுக்கெனத் தனி இயல் வகுத்தது. அவ்விழாப் பணிக்குப் பிற மாவட்டப் பணியாளரும் வருவர். கொங்கு நாட்டிலிருந்தும் தென்பாண்டி நாட்டிலிருந்தும் வருபவரிடம், வயிற்றுப்போக்கைக் குறிக்க மக்கள் தத்தம் ஊரில் என்ன சொல் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுத் தொகுப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மகாமகக் குளம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் உள்ளது.